கோரி மீனுக்கு யார் கொடுத்தது இந்த கிளீனர் வேலை?

இந்த எபிசோட் ஒரு சின்ன மீனைப் பற்றியது. உங்க சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். தொட்டியின் அடியிலேயே கிடக்கும், மீசையால் மணலைத் துழாவும், திடீர்னு ராக்கெட் மாதிரி மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி கீழே வந்துவிடும். கண்ணை உருட்டும்போது கண்ணடிக்கிற மாதிரியே இருக்கும். கடைகளில் 'கோரி' என்பார்கள், முழுப்பெயர் கோரிடோராஸ். நம்ம ஊர் கெளுத்திக்கு தூரத்துச் சொந்தம், ஆனால் பிறந்த ஊர் தென் அமெரிக்கா.

சென்னையில் மீன் தொட்டி வைத்தவர்களுக்கு கொளத்தூரைத் தெரியாமல் இருக்காது. தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள் இருக்கும் ஊர். அங்கே மட்டுமல்ல, எந்த ஊர் கடைக்குப் போனாலும் பில் போடும் நேரத்தில் ஒரு வசனம் வரும்: "கிளீனர் ஃபிஷ் ரெண்டு போட்டுக்கோங்க தம்பி, அடியில இருக்கிற அழுக்கெல்லாம் சாப்ட்டுரும்." அப்படித்தான் கோரி பெரும்பாலான வீடுகளுக்குள் வருகிறது. அதாவது மீனாக வருவதில்லை, ஒரு உதிரிபாகமாக வருகிறது. ஃபில்டர், ஹீட்டர், கிளீனர்.

இந்த வேலையை அதற்கு யார் கொடுத்தது? நான் தேடிப் படித்தவரை, இதன் வேர் அமேசானில் இல்லை. லண்டனில், ஒரு வேதியியல்காரரின் மேசையில் இருக்கிறது. அப்போது அந்த மேசையில் கோரி மீனே இல்லை என்பதுதான் வேடிக்கை.

வருடம் 1850. ராபர்ட் வாரிங்டன் என்பவர் லண்டனில் மருந்து தயாரிப்பாளர்கள் சங்கத்தில் வேதியியல் பணியில் இருந்தார். அவருக்கு ஒரு கேள்வி. கண்ணாடிப் பாத்திரத்தில் மீனை வைத்தால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் செத்துப்போகிறது. தண்ணீரை மாற்றாமலே மீனை உயிரோடு வைக்க முடியுமா? மீன் விடும் கார்பன் டை ஆக்சைடைச் செடி எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும் அல்லவா? அவர் இரண்டு தங்க மீன்களை விட்டார். கூடவே வாலிஸ்னேரியா நட்டார். இப்போதும் 'வாலிஸ்' என்ற பெயரில் விற்கிறார்களே, ரிப்பன் மாதிரி நீளமான இலை, அதேதான்.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. பிறகு பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன, தண்ணீர் கலங்கியது. சமன்பாட்டில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று வாரிங்டனுக்குப் புரிந்தது. குளத்தில் அழுகும் இலையை யார் தின்கிறார்கள் என்று பார்த்தார். நத்தை! சில குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார், தண்ணீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்குச் சாப்பாடாகவும் ஆயின. (நத்தையின் கோணத்தில் இந்தக் கதையை யாரும் எழுதவில்லை.)

செடி, மீன், நத்தை. மூன்று நாற்காலிகள். அதில் மூன்றாவது நாற்காலியின் பெயர் 'கழிவு தின்பவர்'. இதைத்தான் பிற்பாடு சமநிலை அக்வேரியம் என்றார்கள். 1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறந்தது. அடுத்த வருடம் ஃபிலிப் காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' புத்தகம் வந்தது, 'அக்வேரியம்' என்ற சொல்லே அதனால்தான் பரவலானது. இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் கண்ணாடித் தொட்டி பெரிய ஃபேஷனாக மாறியது. ஃபேஷன் கொஞ்ச வருடத்தில் அடங்கியது, அந்த மூன்று நாற்காலிகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. பிற்பாடு யார் தொட்டி வைத்தாலும் மூன்றாவது நாற்காலிக்கு ஆள் தேடினார்கள்.

இப்போது மீனின் பக்கம் போவோம்.

கோரிடோராஸ் என்ற பெயரை 1803-ல் வைத்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட். தலைக்கவசம், உடல் கவசம் என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கிய பெயர். இந்த மீனுக்குச் செதில் கிடையாது. பக்கத்துக்கு இரண்டு வரிசையாக, ஓடு வேய்ந்த மாதிரி எலும்புத் தகடுகள். லாசெபேட் கையில் இருந்தது உயிரற்ற உடல், அதனால் அவர் கண்ணில் பட்டது கவசம்.

அடுத்து வருபவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான், சார்லஸ் டார்வின். 1831 டிசம்பரில் பீகிள் கப்பல் கிளம்பியபோது அவருக்கு வயது 22. காலேஜ் முடித்த கையோடு கிளம்பிய பையன். ஐந்து வருடப் பயணத்தில் அவர் சாராயத்தில் ஊறவைத்து அனுப்பிய மீன்களில் ஒரு குட்டிக் கெளுத்தியும் இருந்தது. அதை ஆராய்ந்து விவரித்தவர் லியோனார்ட் ஜெனின்ஸ். 1842-ல் அச்சில் வந்த விவரிப்பில் அதற்கு 'காலிக்திஸ் பாலியேட்டஸ்' என்று பெயர். இன்றைக்கு நம்ம கடைகளில் 'பெப்பர்டு கோரி' என்று மிளகுப் புள்ளியோடு நிற்பது அதன் வம்சம்தான்.

இந்த ஜெனின்ஸ் கதையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. பீகிள் கப்பலில் இயற்கையியலாளராகப் போகும் வாய்ப்பு டார்வினுக்கு முன்னால் இவருக்குத்தான் வந்தது. இவர் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு கிராமத் தேவாலயத்தில் பாதிரியார். சபையை விட்டுப் போக முடியாது என்று மறுத்துவிட்டார். வாய்ப்பு டார்வினுக்குப் போனது, அப்புறம் நடந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சில வருடம் கழித்து, தான் போகாத அந்தப் பயணத்தின் மீன்கள் ஜாடிகளில் இவர் மேசைக்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முள்ளை எண்ணி, நீளத்தை அளந்து, பெயர் வைத்தார். ஆன்சைட் வேண்டாம் என்று சொன்னவருக்கு அதே புராஜெக்டின் டாக்குமென்டேஷன் வந்த மாதிரி! ஆனால் அவர் அந்த வேலையை மனப்பூர்வமாகச் செய்தார். 180 வருடம் தாண்டியும் 'பாலியேட்டஸ்' என்ற அந்த அடைமொழி நிற்கிறது.

இதுவரை எல்லாமே செத்த மீன்கள். உயிரோடு பார்த்து எழுதியவர் என்றால் பாரிஸ்காரர் பியர் கார்போனியே. 1869-ல் ஆசியாவிலிருந்து பாரிஸ் வந்த பாரடைஸ் மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்தவர் இவர். 1870-களின் பிற்பகுதியில் பெப்பர்டு கோரியையும் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்க. பாரடைஸ் மீனும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், கோரியும் அப்படியே. கோரி விழுங்கும் காற்று குடலுக்குப் போகிறது. குடலின் பின்பகுதிச் சுவரில் நெருக்கமாக ரத்த நாளங்கள் இருக்கின்றன, அவை ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் பின்வழியாகக் குமிழாக வெளியேறும். வெயிலில் சூடேறி ஆக்சிஜன் குறைந்த ஓடைகளில் பிழைத்துக்கொள்ள அதற்குக் கிடைத்த வழி. வாரக்கணக்கில் கப்பலில், தகர டப்பாவில், ஏர் பம்ப் இல்லாமல் கடல் தாண்ட வேண்டுமென்றால் எந்த மீன் தாக்குப்பிடிக்கும்? என் கணிப்பு, நம் பொழுதுபோக்கின் முதல் வெளிநாட்டு மீன்களைத் தேர்ந்தெடுத்ததில் அழகுக்கு இருந்த பங்கைவிட இந்தக் காற்று குடிக்கும் திறமைக்கு இருந்த பங்கு அதிகம்.

அப்புறம் கோரி ஐரோப்பா, அமெரிக்கா என்று தொட்டி தொட்டியாகப் பரவியது. மூன்றாவது நாற்காலியில் அதை உட்கார வைத்த நாள் எது, கை எது என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. எப்படி நடந்திருக்கும் என்று பார்த்தாலே தெரியும். எப்போதும் கீழே இருக்கிறது, மூக்கை மணலில் விடுகிறது, எதையோ மெல்லுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது வேக்குவம் கிளீனர். நத்தைக்குப் பதிலாக ஒரு அழகான நத்தை.

உண்மையில் அது மணலில் தேடுவது புழுவை, பூச்சி லார்வாவை, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நீர் உயிரிகளை. கோரி வேட்டையாடும் மீன், வேட்டை மிகச் சின்ன அளவில் நடக்கிறது, அவ்வளவுதான். மற்ற மீன்களின் கழிவை அது தின்பதில்லை. கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவதில்லை. மேலே மீன்கள் விட்டுவைத்த தீனி கீழே வந்தால் சாப்பிடும், வரவில்லை என்றால் பட்டினி.

அந்தப் பட்டினி வெளியே தெரியாது. கவசம் போட்ட உடம்பு, சீக்கிரம் ஒட்டி உலர்ந்து காட்டாது. மேல் மட்டத்தில் நீந்தும் மீன்களுக்கு மிதக்கும் தீனியைப் போடுகிறோம், அது ஒரு நிமிடத்தில் காலி. கீழே இருக்கிறவன் 'அழுக்கைத் தின்றுகொள்வான்' என்று விட்டுவிடுகிறோம். சில மாதத்தில் ஒருநாள் காலையில் செத்துக்கிடக்கும். 'கிளீனர்தானே' என்று இன்னொன்று வாங்கிப் போடுவார்கள். கூர்மையான கிராவலும் அதில் சேர்ந்த அழுக்கும் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்குவது தனிக் கதை. மீசை போன கோரிக்கு இரை தேடுவது கஷ்டம். ஒரு தவறான வேலைப் பெயர் ஒரு உயிரை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, அப்போ தொட்டியை உண்மையில் சுத்தம் செய்வது யார்? வாரிங்டன் சமன்பாட்டில் விட்டுப்போனது அதுதான். அவருடைய கணக்கு ஆக்சிஜனைச் சுற்றியே இருந்தது, ஆனால் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அமோனியா. 1890-ல் செர்கேய் வினோகிராட்ஸ்கி அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். உங்க ஃபில்டர் பஞ்சில் பழுப்பாக, வழுவழுன்னு இருக்கிறதே, அங்கே குடியிருப்பவர்கள் அவர்கள்தான். நன்னீர் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்று பல காலம் புத்தகங்கள் எழுதின. 1998-ல் வந்த ஒரு ஆய்வு, தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. ஆக, யார் கிளீனர் என்ற விஷயத்தில் நாம் திரும்பத் திரும்பத் தப்பான ஆளைக் கைகாட்டியிருக்கிறோம். கோரியைப் போட்டால் தொட்டியில் அமோனியா குறையாது, கூடும். அதுவும் சாப்பிட்டுவிட்டுக் கழிவு போடும் ஒரு மீன்தானே.

இதே 'கிளீனர்' என்ற சொல் இன்னொரு கெளுத்தியை வைத்துச் செய்த சேதத்தையும் சொல்லியாகணும். கடைகளில் 'சக்கர்' என்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு மீன். இதுவும் தென் அமெரிக்காதான். விரல் அளவில் வாங்குவார்கள், அது ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இன்றைக்குத் தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. வலை போடும் மீனவர்களுக்கு விலை போகாத, வலையைக் கிழிக்கிற மீன் அது. தயவுசெய்து எந்தத் தொட்டி மீனையும் குளத்தில் விடாதீங்க, கோரி உட்பட.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. இதை வேலைக்காரனாகப் பார்க்காமல் மீனாக உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள்?

பிரான்ஸ் கோரி, வெண்கல நிறத்தில் இருக்கும், கடைகளில் அதிகம் கிடைப்பது. 1858-ல் டிரினிடாட் தீவு மீன்களை வைத்து தியோடர் கில் விவரித்த இனம். இனச்சேர்க்கையின்போது பெண் மீன் ஆணின் வயிற்றுப் பக்கம் வாயை வைக்கும், மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். தொட்டி வைப்பவர்கள் பல தலைமுறையாக இதைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று விவாதித்துக்கொண்டே இருந்தார்கள். 1995-ல் கோடா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவர் குழுவும் வெளியிட்ட கட்டுரை விடை சொன்னது. பெண் மீன் விந்தணுவை விழுங்குகிறது! அது சில நொடிகளில் குடல் வழியாகக் கடந்து பின்பக்கம் வெளியே வருகிறது. அங்கே பெண் தன் இடுப்புத் துடுப்புகளை ஒரு பை மாதிரிக் குவித்து முட்டைகளை ஏந்தி வைத்திருக்கிறது. ஜீரணமாகாமல் எப்படி இவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று யோசித்தால், அந்தக் காற்று விழுங்கும் குடல் ஞாபகம் வருகிறது இல்லையா? வாயில் வாங்கியதை வேகமாகப் பின்னால் கடத்த ஏற்கெனவே பழகிய குடல்.

இன்னொன்று. கோரிகள் ஒன்றை ஒன்று மெதுவாக இடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீங்க. 2019-ல் வந்த ஒரு ஆய்வு பிரான்ஸ் கோரிகளிடம் இதைக் கவனித்தது. பயம் வரும் நேரத்தில் இந்த இடித்தல் குழு சிதறாமல் சேர்ந்திருக்க உதவுகிறது. ட்ரெயின் கூட்டத்தில் நண்பன் முதுகில் கை வைத்தபடி நடப்போமே, அது மாதிரி. கடையில் ஒரே ஒரு 'கிளீனர்' வாங்கி வந்து விட்டால், அது இடிக்க யாருமில்லாமல் ஒரு மூலையில் கிடக்கும்.

மூன்றாவதாக, அந்த முள். கெளுத்தி கழுவியவர்களுக்குத் தெரியும், பக்க முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று. கோரியின் மார்புத் துடுப்பிலும் அப்படி ஒரு முள், கூடவே விஷச் சுரப்பி. விஷம் இருக்கிறது என்று எதிரிக்கு உடல் கோலத்தாலேயே அறிவிக்கிறது. ஒரே ஓடையில் வாழும் வேறு வேறு கோரி இனங்கள் ஒரே கோலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவனைக் கடித்துப் பாடம் கற்ற எதிரி இன்னொருவனையும் தொடமாட்டான். 2011-ல் 'நேச்சர்' இதழில் அலெக்ஸாண்ட்ரோவும் குழுவும் காட்டியது இதைவிட நுட்பம்: இப்படிக் கோலத்தைப் பகிரும் இனங்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தங்கள் இல்லை, ஒன்று நீள மூக்கு, இன்னொன்று குட்டை மூக்கு என்று இரை தேடும் முறையே வேறு. ஒரே யூனிஃபார்ம், வேறு வேறு வேலை. கடையில் ஒரே தொட்டியில் ஒரே விலைக்கு நிற்கும் கோரிகளில் ரெண்டு மூன்று இனம் கலந்திருப்பதன் காரணமும் இதுதான். பிடிப்பவர், விற்பவர், வாங்குபவர் எல்லோரையும் அந்த யூனிஃபார்ம் ஏமாற்றிவிடும்.

இதனால் பெயர் வைப்பதும் தலைவலியாகவே இருந்தது. பெயரில்லாத கோரிகள் சந்தைக்கு வந்துகொண்டே இருந்ததால், 1993-ல் ஜெர்மானிய அக்வேரியம் பத்திரிகை ஒன்று அவற்றுக்கு சி-1, சி-2 என்று எண் கொடுக்க ஆரம்பித்தது. நம்ம டிக்கெட் நம்பர் மாதிரியே. அறிவியல் பெயர் கிடைக்கும்வரை டிக்கெட் ஓப்பன்.

2024-ல்தான் பெரிய ரீஃபாக்டரிங் நடந்தது. பிரேசில் ஆய்வாளர்கள் முன்னின்று மரபணுவையும் உடல் அமைப்பையும் சேர்த்துப் பார்த்து, 170-க்கும் மேற்பட்ட இனங்கள் அடைந்திருந்த கோரிடோராஸ் பேரினத்தைப் பிரித்துப்போட்டார்கள். பழைய, கைவிடப்பட்ட பெயர்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். டார்வின் கொண்டுவந்த பெப்பர்டு இப்போது ஹோப்லிசோமா. பாண்டா கோரியும் அதே. பிரான்ஸ் கோரி ஆஸ்டியோகாஸ்டர். குட்டியூண்டு பிக்மி கோரி காஸ்ட்ரோடெர்மஸ். கோரிடோராஸ் என்ற பெயர் நீள மூக்குக்காரர்களுக்கு மட்டும் மிச்சம். அதாவது நம்ம ஊர் கடையில் கோரி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இப்போது கோரிடோராஸே இல்லை! ஹோப்லிசோமா என்றாலும் கவச உடம்பு என்றுதான் பொருள், 1838-ல் வைத்த பெயர். லாசெபேட் பார்த்த கவசத்தை விட்டு இன்னும் யாரும் நகரவில்லை.

கடைசியாக, வாங்கப் போகிறவர்களுக்கு. பெப்பர்டு கோரி லா பிளாட்டா நதிப் பக்கத்து மீன், அங்கே நல்ல குளிர்காலம் உண்டு. 18 முதல் 23 டிகிரி அதற்குச் சுகம். மே மாதச் சென்னையில் உங்க தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும், அதனால் ஏசி இல்லாத அறைக்கு அதை வாங்காதீங்க. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரான்ஸ் கோரி கொஞ்சம் தாங்கும், ஸ்டெர்பாய் என்ற இனம் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். எதுவானாலும் ஒரே இனத்தில் ஆறு. கிராவலுக்குப் பதில் கழுவிய நைஸ் மணல். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே காற்று குடிக்க இடைவெளி. ராத்திரி லைட் அணைத்த பிறகு மூழ்கும் பெல்லெட் போடுங்க, மேலே நீந்துகிறவர்கள் அடங்கிய நேரம் அது. வாரத்துக்கு ஒரு தடவை புழுத் தீனி கொடுத்தால் கும்பலாக மொய்ப்பதைப் பார்க்கலாம்.

மணலில் சேரும் அழுக்குக்கு ஒரு ட்யூபும் பக்கெட்டும் போதும். அது உங்க வேலை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.